பிடுங்கினால் இலவசம், அடைத்தால் 600 ரூபாய்: மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாடு அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு,

வணக்கம்.

எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்களில் பலர் உட்காருவதற்கு முன்பே பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து மேசையில் வைப்பார்கள். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்ட அட்டை. சிலர் அதைப் பிளாஸ்டிக் உறைக்குள் போட்டு, ரேஷன் கார்டோடு சேர்த்து ரப்பர் பேண்ட் சுற்றி வைத்திருப்பார்கள். "யக்கா, இதுல பல்லு அடைப்பாவளா?" என்று கேட்பார்கள். 11 வருடமாக நான் ஒரே பதிலைத்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன். "இல்லம்மா, இதுல வராது."

இனிமேலும் அதையே சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அதனால்தான் இந்தக் கடிதம்.

நான் டாக்டர் இல்லை. தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில், தனியார் பல் கிளினிக் ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன். சிமெண்ட் கலக்கிக் கொடுப்பது, கருவிகளைக் கழுவி, கிருமி நீக்கும் ஆட்டோகிளேவில் வைப்பது, டோக்கன் போடுவது, கடைசியில் எவ்வளவு ஆகும் என்று சொல்வது, இவ்வளவும் என் வேலை. அந்தக் கடைசி வேலைதான் கஷ்டமானது. வருகிறவர்களில் பீடி சுற்றும் பெண்கள் உண்டு, தறி ஓட்டுகிறவர்கள் உண்டு, நூறு நாள் வேலைக்குப் போகிறவர்கள் உண்டு. தொகையைச் சொன்னதும் அவர்கள் முகத்தை நான் பார்ப்பதில்லை, ரசீதுப் புத்தகத்தைப் பார்ப்பேன். "வீட்ல கேட்டுட்டு வாரோம்" என்று எழுந்து போவார்கள். அப்படிப் போனவர்கள் பெரும்பாலும் ஆறு மாதமோ ஒரு வருடமோ கழித்து, கன்னம் வீங்கித்தான் திரும்பி வருவார்கள்.

எங்கள் ஊர் விலையைச் சொல்லிவிடுகிறேன். சொத்தை சிறிதாக இருக்கும்போது சாதாரண சிமெண்ட் வைத்து அடைக்க 600 ரூபாய். பல்லின் நிறத்திலேயே இருக்கும், நீல விளக்கு காட்டி இறுக வைக்கும் காம்போசிட் என்றால் 1,000-லிருந்து 1,500 வரை. சொத்தை நரம்பைத் தொட்டுவிட்டால் ரூட் கேனல், 3,500. அதன்மேல் கேப் போட இன்னொரு 3,000. பிடுங்குவதற்கு 300. சென்னை, மதுரை என்று போனால் எல்லாமே இன்னும் கூடுதல்தான். தொடக்கத்திலேயே அடைத்தால் 600, தள்ளிப்போட்டால் 6,500, பல்லே வேண்டாம் என்று விட்டால் 300. கையில் 600 இல்லாதவர் 6,500-க்கு எங்கே போவார்? சுற்றிச் சுற்றி 300-க்குத்தான் வந்து சேருவார்.

2025-26-ல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவித்த தினக்கூலி 336 ரூபாய். அது முழுதாகக் கைக்கு வராத நாட்களும் உண்டு. 600 ரூபாய் என்றால் கிட்டத்தட்ட இரண்டு நாள் கூலி. கிளினிக்குக்கு வந்த நாளின் கூலி போனது தனிக்கணக்கு. டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு 2021-லிருந்து டிக்கெட் இல்லை, அந்த மட்டும் செலவு மிச்சம். அதற்கு அரசுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

போன வருடம் ஆடி மாதம் ஒரு பீடி சுற்றும் பெண் தன் மகனை அழைத்து வந்தார். மூன்றாம் வகுப்புப் படிக்கிற பையன். கீழே வலப்பக்கக் கடைவாய்ப் பல்லில் ஓட்டை. "பால்பல்லுதானே, விழுந்து முளைச்சிரும்னு விட்டுட்டேன்க்கா" என்றார். அது பால்பல் இல்லை. இந்தத் தப்பு அந்தத் தாயுடையது மட்டும் இல்லை, பாதி ஊருக்கு இது தெரியாது. ஆறு வயதை ஒட்டி, பால்பற்களுக்கெல்லாம் பின்னால், எந்தப் பல்லும் விழாமலே ஒரு கடைவாய்ப் பல் முளைக்கிறது. மேலே இரண்டு, கீழே இரண்டு. எதுவும் விழாமல் முளைப்பதால் அது நிலைப்பல் என்று வீட்டில் யாருக்கும் தோன்றுவதில்லை. ஆயுள் முழுக்க மெல்ல வேண்டிய பல் அது. மேற்பரப்பில் ஆழமான பள்ளங்கள் இருப்பதால் சொத்தை முதலில் விழுவதும் அதில்தான். ஆறு வயதுப் பல் என்றே அதற்குப் பெயர்.

அன்றைக்கு அடைத்திருந்தால் 600-ல் முடிந்திருக்கும். அவர் கையில் 200 இருந்தது. எங்கள் டாக்டர் பலருக்குக் குறைத்து வாங்குகிறவர்தான். "மீதியை அப்புறம் கொடும்மா" என்றார். ஆனால் கடன் சொல்லி மருத்துவம் பார்ப்பதில் சிலருக்கு ஒரு கூச்சம் உண்டு. பணத்தோடு வருகிறேன் என்று போய்விட்டார். தை மாதம் வந்தபோது பையனுக்குத் தாடை வீங்கியிருந்தது. நான்கு நாளாகச் சாப்பிடவில்லை, இரண்டு நாளாகப் பள்ளிக்கூடம் போகவில்லை. மருந்துக்கடையில் கொடுத்த மாத்திரையைப் பாதி உடைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார்களாம். மருந்து கொடுத்து வீக்கம் வற்றிய பிறகு பல்லைப் பிடுங்கினோம். பிடுங்கிய பல்லைப் பஞ்சில் வைத்துக் காட்டியபோது, "திரும்ப முளைக்கும்லா?" என்று கேட்டான். நான் பதில் சொல்லவில்லை. டாக்டர்தான் சொன்னார்.

ஒரு பல் போனால் அதோடு முடிவதில்லை. பக்கத்துப் பல் அந்த இடத்தை நோக்கிச் சாயும். நேரெதிரே இருக்கிற பல் பிடிமானம் இல்லாமல் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கும். கடி மாறும், இடுக்குகளில் சோறு சிக்கும், அங்கே அடுத்த சொத்தை தொடங்கும். 40 வயதில் எங்களிடம் வரும் பெண்களுக்கு ஏன் இத்தனை பல் போனது என்று கதை கேட்டால், அது பெரும்பாலும் பத்து வயதுக்குள் பிடுங்கிய ஒரு பல்லில் தொடங்குகிறது.

இப்போது அட்டைக்கு வருகிறேன். நான் அந்தத் திட்டத்தைக் குறைசொல்ல வரவில்லை. 2009-ல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012-லிருந்து இப்போதைய பெயரில் நடக்கிறது. குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. என் சித்தப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு நீக்கியது அந்த அட்டையால்தான். அது இல்லாவிட்டால் அவர் இன்று இல்லை. ஆனால் அது பெரும்பாலும் ஆஸ்பத்திரியில் சேர்ந்து பார்க்கும் வைத்தியத்துக்கானது. தாடை எலும்பு உடைந்தால், வாயில் புற்றுநோய் வந்தால் உதவும். பல்லில் கடுகளவு ஓட்டை விழுந்தால் உதவாது. பணம் கட்டி எடுக்கும் தனியார் பாலிசிகளிலும் இதே நிலைதான். விபத்தில் உடைந்தால் தவிர, பல் வைத்தியத்தைப் பெரும்பாலும் ஒதுக்கிவிடுகிறார்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்து ஈ.எஸ்.ஐ.யில் பெயர் இருப்பவர்களுக்கு அங்கே பல் பார்ப்பார்கள். கூலிக்குப் போகிறவருக்கு அதுவும் இல்லை.

ஓட்டையாக இருக்கும்போது உதவாத அட்டை, அதே பல் முற்றி உயிருக்கு ஆபத்தானால் வேலை செய்யும். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஓர் ஆட்டோ டிரைவர். கீழ்க் கடைவாய்ப் பல்லை அடைக்கச் சொல்லி இரண்டு தடவை எழுதிக் கொடுத்திருந்தோம். மூன்றாவது தடவை வந்தபோது தாடைக்கு அடியில் கழுத்து வரை வீங்கி, நாக்கு மேலே தூக்கி, எச்சில் விழுங்க முடியாமல் இருந்தார். டாக்டர் தொட்டுப் பார்த்ததும் ஆம்புலன்ஸைக் கூப்பிடச் சொன்னார். மூச்சுக்குழாயை அமுக்கிவிடும் சீழ் அது. பெரிய ஆஸ்பத்திரியில் கழுத்தைக் கீறிச் சீழ் எடுத்து எட்டு நாள் வைத்திருந்தார்கள். பிழைத்துவிட்டார். அந்த எட்டு நாளில் அரசு அவருக்குச் செலவழித்த பணத்தில் எத்தனை ஊர்க்காரர்களுக்குப் பல் அடைத்திருக்கலாம் என்று அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். பல் வலிக்குக் காசு இல்லாதவர்கள் சும்மா இருப்பதில்லை. கிராம்பு வைப்பார்கள், அதில் கேடு ஒன்றும் இல்லை. கண்டங்கத்தரி விதையைப் போட்டுப் புகை பிடித்தால் பல்லில் இருக்கும் புழு விழும் என்று இன்னமும் நம்புகிறவர்கள் உண்டு. பல்லில் புழு கிடையாது என்று சொன்னால் என்னைப் பாவமாகப் பார்ப்பார்கள். அதெல்லாம் போகட்டும். வலிக்கும் இடத்தில் புகையிலையை அடக்குகிறார்களே, அதுதான் எனக்குப் பயம். கொஞ்ச நேரம் மரத்துப்போகும், வலி தெரியாது. அப்படிப் பல்வலிக்காகத் தொடங்கி, வலி போன பிறகும் புகையிலையை விட முடியாத பெண்களை எனக்கு நன்றாகத் தெரியும். கன்னத்தின் உள்பக்கம் வெள்ளையாகத் திட்டுப் படிந்து அவர்கள் வரும்போது, டாக்டர் பல்லைப் பார்ப்பதை விட்டுவிட்டு, புற்றுநோயாக இருக்குமோ என்று அந்தத் திட்டைத்தான் பார்க்கிறார்.

அரசு ஆஸ்பத்திரிக்குப் போகலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். போகிறார்கள். தாலுகா ஆஸ்பத்திரிகளிலும், மேம்படுத்திய ஆரம்ப சுகாதார நிலையங்கள் பலவற்றிலும் பல் டாக்டர் இருக்கிறார், நாற்காலி இருக்கிறது. நான் என் அம்மாவை அப்படி ஓர் இடத்துக்கு அழைத்துப் போனேன். ஊர்ப் பெயர் வேண்டாம். காலையில் ஓ.பி. சீட்டு வாங்கி, பதினோரு மணிக்கு முறை வந்தது. டாக்டர் சின்னப் பெண். பொறுமையாகப் பார்த்தார். "அடைக்கலாம்மா, ஆனா சிமெண்ட் வரலை. எப்ப வரும்னு தெரியலை. வலிக்குதுன்னா பிடுங்கிறட்டுமா?" என்றார். வெளியே வரிசை வாசல் வரை நின்றது. அவர் ஒருவர், கை இரண்டு. அவரைக் குறைசொல்ல எனக்கு வாய் வராது. அம்மாதான், "பிடுங்கிரும்மா, திரும்பத் திரும்ப யாரு வர்றது" என்றார். காப்பாற்றியிருக்கக்கூடிய பல் அது. தினமும் சிமெண்ட் கலக்குகிற என் கண் முன்னால் போயிற்று. அம்மாவுக்கு இன்று கீழ்வரிசையில் ஆறு பல் இருக்கிறது. முறுக்கு, கடலை, கொய்யாப்பழம் எல்லாம் விட்டாயிற்று. சோற்றைக் குழைய வடித்து, ரசம் ஊற்றிப் பிசைந்து சாப்பிடுகிறார். காய் போட்டால் ஒதுக்கிவிடுகிறார்.

அந்த வராத சிமெண்டைப் பற்றி எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன். கிளாஸ் அயனோமர் என்பது அதன் பெயர். ஒரு சின்னப் புட்டியில் தூள், இன்னொன்றில் திரவம். எங்கள் கிளினிக்கில் ஒரு பெட்டி சுமார் 2,000 ரூபாய்க்கு வாங்குகிறோம். சிக்கனமாகக் கலந்தால் 40 பல்லுக்கு வரும். அதாவது ஒரு பல்லுக்கு 50 ரூபாய் மருந்து. நாங்கள் வாங்கும் 600-ல் மீதி எங்கே போகிறது என்றால், கட்டட வாடகை, கரண்ட், கம்ப்ரஸர், கையுறை, கருவிகளின் தேய்மானம், என் சம்பளம், டாக்டர் படிப்புக்காக வாங்கிய கடன் என்று போகிறது. தனியார் டாக்டர்கள் கொள்ளை அடிக்கிறார்கள் என்று நான் எழுதமாட்டேன், கணக்குப் புத்தகம் என்னிடம்தான் இருக்கிறது. நான் சொல்ல வருவது வேறு. உங்களிடம் கட்டடம் இருக்கிறது. நாற்காலி இருக்கிறது. டாக்டருக்குச் சம்பளம் கொடுக்கிறீர்கள். எங்களுக்கு 600 ஆகும் வேலைக்கு உங்களுக்குக் கூடுதலாக ஆகப்போவது அந்த 50 ரூபாயும் கொஞ்சம் நேரமும்தான்.

நேரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும், இது வெளியே இருப்பவர்களுக்குத் தெரியாது. பிடுங்க, மரத்துப்போகப் போடும் ஊசி வேலை செய்த பிறகு பத்து நிமிடம். அடைக்க அரை மணி. சொத்தையைச் சுரண்ட வேண்டும், பஞ்சு வைத்து எச்சில் படாமல் காய வைக்க வேண்டும். இந்தச் சிமெண்டைக் கலக்கத் தொடங்கினால் அரை நிமிடத்தில் முடிக்க வேண்டும். கலவையில் ஒரு மினுமினுப்பு இருக்கும். அது மறைவதற்குள் பல்லுக்குள் வைத்துவிட வேண்டும், மறைந்தால் பல்லில் பிடிக்காது, இரண்டு மாதத்தில் கையோடு வந்துவிடும். ஒரு கையால் நாக்கை ஒதுக்கிப் பிடித்திருக்கிற டாக்டர் இன்னொரு கையால் சிமெண்டும் கலக்க முடியுமா? பக்கத்தில் ஓர் ஆள் வேண்டும். அம்மாவுக்குப் பார்த்த அந்த டாக்டருக்குப் பக்கத்தில் ஆள் இல்லை. வரிசை நீளமாக இருக்கும்போது, மருந்தும் இல்லாமல் ஆளும் இல்லாமல், எந்த டாக்டராக இருந்தாலும் பிடுங்கத்தான் செய்வார். ஆகவே நான் முதலில் கேட்பது, பல் நாற்காலி இருக்கிற ஒவ்வோர் இடத்துக்கும் பயிற்சி பெற்ற ஓர் உதவியாளர். இது என் தொழில் என்பதற்காகக் கேட்கவில்லை. இது இல்லாமல் மற்ற எதைக் கொடுத்தாலும் வீணாகும்.

அடுத்தது மருந்து. 2021-ல் உலக சுகாதார நிறுவனம் தன் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் பல்லுக்கென்று ஒரு பகுதியைச் சேர்த்தது. ஃபுளோரைடு பற்பசை, கிளாஸ் அயனோமர் சிமெண்ட், சில்வர் டையமைன் ஃபுளோரைடு என்னும் திரவம், இவை அதில் வந்தன. பாரசிட்டமால் போல, எந்த நாட்டிலும் கையிருப்பில் இருந்தாக வேண்டிய பொருள் என்று அர்த்தம். மருந்து கொள்முதலில், 1994-ல் தொடங்கிய நம் தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகத்தைப் பார்த்துத்தான் மற்ற மாநிலங்கள் கற்றுக்கொண்டன. சர்க்கரை மாத்திரையையும் பிரஷர் மாத்திரையையும் கடைக்கோடி சுகாதார நிலையம் வரை கொண்டுபோய்ச் சேர்க்கத் தெரிந்த துறைக்கு, இந்தத் தூளையும் திரவத்தையும் சேர்ப்பது பெரிய காரியம் இல்லை. பட்டியலில் பெயர் இருந்தால் மட்டும் போதாது. காலை ஒன்பது மணிக்கு நாற்காலிக்குப் பக்கத்துத் தட்டில் இருக்க வேண்டும்.

பிள்ளைகளுக்கு இன்னும் எளிய வழி இருக்கிறது. 1980-களின் நடுவில் தான்சானியாவில் ஒரு முறையை உருவாக்கினார்கள். கரண்ட் வேண்டாம், டிரில் வேண்டாம். சிறு கரண்டி போன்ற கைக்கருவியால் மெத்தென்று இருக்கும் சொத்தையைச் சுரண்டி எடுத்துவிட்டு இதே சிமெண்டை வைத்து விரலால் அழுத்திவிடுவது. பெரும்பாலும் ஊசியும் தேவைப்படாது, சத்தம் இல்லாததால் பிள்ளைகள் பயப்படுவதும் குறைவு. பள்ளிக்கூட பெஞ்சில் படுக்க வைத்தே செய்யலாம். எல்லாப் பல்லுக்கும் இது நிற்கும் என்று சொல்லமாட்டேன். மேற்பரப்பில் மட்டும் ஓட்டை என்றால் நன்றாக நிற்கும், பக்கவாட்டிலும் உடைந்திருந்தால் அவ்வளவு நாள் நிற்காது. ஆறு வயதுப் பல்லில் முதலில் விழுவது மேற்பரப்பு ஓட்டைதான். சில்வர் திரவத்தைப் பிரஷ்ஷில் தொட்டு ஒரு நிமிடம் தடவினால் பால்பல் சொத்தை பல சமயம் அப்படியே நின்றுவிடும். தடவிய இடம் கறுப்பாகிவிடும், அதைத் தாயிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் செய்தால் அடுத்த நாள் சண்டைக்கு வருவார்கள், அது நியாயமும்கூட.

பள்ளிக்குப் போகும் குழு உங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. 2013-ல் தொடங்கிய சிறார் நலத் திட்டத்தில் டாக்டரும் நர்ஸும் வேனில் பள்ளிக்கு வருகிறார்கள், பல்லையும் பார்க்கிறார்கள். சொத்தை இருந்தால் சீட்டு எழுதிக் கொடுக்கிறார்கள். அந்தச் சீட்டுகளை நான் பார்த்திருக்கிறேன், மடித்து நைந்துபோய் எங்கள் மேசைக்கு வரும். சீட்டு வாங்கிய பிள்ளையின் தாய் ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு எங்கோ போய் வரிசையில் நிற்க வேண்டும் என்பதை அந்தச் சீட்டு நினைத்துப் பார்ப்பதில்லை. அந்த வேனிலேயே ஒரு பல் டாக்டரையும், ஓர் உதவியாளரையும், இரண்டு பெட்டி சிமெண்டையும் ஏற்றி அனுப்புங்கள். ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளின் ஆறு வயதுப் பல்லை மட்டுமாவது வருடத்துக்கு ஒரு முறை அங்கேயே பார்த்து, அங்கேயே அடைத்துவிடட்டும்.

டாக்டருக்கு எங்கே போவது என்ற கேள்வியே வேண்டாம். சென்னை அரசு பல் மருத்துவக் கல்லூரி 1953-லிருந்து இருக்கிறது, புதுக்கோட்டையில் 2023-ல் ஒன்று வந்தது, சிதம்பரத்தில் ஒன்று, தனியார் கல்லூரிகள் அதற்கு மேல் எத்தனையோ. பி.டி.எஸ். முடித்துவிட்டு மாதம் 15,000 ரூபாய்க்குத் தனியார் கிளினிக்கில் நிற்கிற பிள்ளைகள் எங்களிடமே வந்து போயிருக்கிறார்கள். ஒரு பெண் டாக்டர் ஆறு மாதம் இருந்துவிட்டு, கட்டுப்படியாகாமல் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியில் கணினி வேலைக்குப் போய்விட்டார். அவர் அடைத்த பற்கள் இன்றைக்கும் அசையாமல் இருக்கின்றன.

அட்டையிலும் ஒரு மாற்றம் கேட்கிறேன். எல்லாப் பல் வைத்தியத்தையும் சேர்க்கச் சொல்லவில்லை. கேப், கட்டுப்பல், கம்பி எல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். அரசு நாற்காலி எட்டாத ஊர்களில் மட்டும், சாதாரண சிமெண்ட் அடைப்புக்கு ஒரு விலை நிர்ணயித்து, அட்டையைக் காட்டினால் பக்கத்துத் தனியார் கிளினிக்கில் அடைத்துக்கொள்ளலாம் என்று வையுங்கள். குடும்பத்துக்கு வருடம் நான்கு பல் என்று வரம்பு வைத்தாலும் சரி. எங்கள் டாக்டரிடம் கேட்டேன். 400 ரூபாய் கொடுத்தால்கூட, பணம் மூன்று மாதத்துக்குள் வந்துவிடும் என்றால் தான் செய்யத் தயார் என்றார். ஏமாற்றுகிறவர்கள் வரமாட்டார்களா என்றால் வருவார்கள். அடைப்பதற்கு முன்னும் பின்னும் பல்லைப் போட்டோ எடுத்து ஏற்றச் சொல்லுங்கள், என் போனிலேயே எடுக்கலாம்.

ஆடி மாதம் வந்த அந்தப் பையன் இப்போது நான்காம் வகுப்பு. போன வாரம் அவனையும் அவன் அம்மாவையும் சந்தையில் பார்த்தேன். வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தேன். பிடுங்கிய இடம் ஆறிவிட்டது. அவனுக்கு இன்னும் மூன்று ஆறு வயதுப் பல் இருக்கின்றன. கீழே இடப்பக்கத்தில் இருப்பதன் நடுப்பள்ளத்தில் ஒரு கரும்புள்ளி விழுந்திருக்கிறது. இன்னும் ஓட்டையாகவில்லை.

இப்படிக்கு,
பல் கிளினிக் உதவியாளர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்.